ரெண்டு பாக்கெட் கொடுத்தும் ஏன் நிக்கல?

நீண்ட பதிவு. பாதி பாடம், பாதி புலம்பல். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

போன வாரம் மழை விட்ட மறுநாள் காலையில் எதிர் வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். இடுப்பில் மூன்று வயதுப் பையன். முந்தின நாள் முதல் அவனுக்கு வயிற்றுப்போக்கு. முத்தாபுதுப்பேட்டையில் மழைக்காலம் வந்தால் தெருவுக்கு நாலு வீட்டில் இது நடப்பதுதான். போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று மூன்று வகைத் தண்ணீர் புழங்கும் ஊரில் எது எப்போது கெடும் என்று யாருக்கும் தெரியாது.

"டீச்சர், ரெண்டு பாக்கெட் ஆச்சு. லிட்டர் பாட்டில்ல கலக்கி ஸ்பூன் ஸ்பூனா ஊத்துறேன். இன்னும் வயித்தால போயிட்டேதான் இருக்கு. இந்தப் பவுடர் வேலைக்கே ஆவல. நிக்கிற மாதிரி வேற எதாவது வாங்கிடட்டுமா?"

அவள் மாமியார் வாசலில் இருந்தே குரல் கொடுத்தார். "தண்ணி ஊத்த ஊத்த தண்ணியாத்தான் போவும். ஒரு வேளை ஒண்ணும் குடுக்காம வயித்தக் காயப் போடும்மான்னா கேக்குறாளா?"

பையனைப் பார்த்தேன். கண் குழி விழவில்லை. நாக்கு ஈரமாக இருந்தது. காலையில் மூத்திரம் போயிருக்கிறான். என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கப் பார்த்தான். அதாவது பவுடர் அதன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. செய்யவில்லை என்று அவள் நம்பிவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் பாட்டிலை ஓரமாக வைத்திருப்பாள்.

இதில்தான் என் குற்ற உணர்ச்சி தொடங்குகிறது. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியல் படித்தவள். என் மாணவி இல்லை, ஆனால் என்னைப் போல ஒருவரிடம் படித்தவள்தான். அவள் கேள்விக்கான பதில் அவள் படித்த பாடங்களுக்குள்ளேயே துண்டு துண்டாக இருக்கிறது. சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். சேர்க்கவில்லை.

முப்பது வருடம் நான் செய்ததைச் சொல்கிறேன். ஹார்மோன் பாடத்தில் கரும்பலகையில் செல் சவ்வு வரைவேன். வெளியே ஹார்மோன், சவ்வில் ஏற்பி, அதற்குக் கீழே ஜி புரதம், பக்கத்தில் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி, உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. அம்புக்குறி போட்டு முடிப்பேன். "அஞ்சு மார்க் வரும், படம் முக்கியம்." சில மாதம் கழித்து நோய்கள் பாடத்தில் காலரா வரும். கிருமியின் பெயர், பரவும் விதம், அறிகுறி. அட்டவணையில் ஒரு வரி. இந்த இரண்டும் ஒரே விஷயம் என்று ஒரு வருடம்கூட நான் வகுப்பில் சொல்லவில்லை. எனக்கே அது ஓய்வுக்குப் பிறகு சாவகாசமாகப் படித்தபோதுதான் உறைத்தது.

சரி, இப்போது சொல்லிவிடுகிறேன்.

நம் செல்களுக்குள் ஒரு பெரிய புரதக் குடும்பம் இருக்கிறது. ஜி.டி.பி. என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொள்பவை. இங்கே தமிழில் எழுதுபவருக்கு ஒரு தொல்லை. மூன்று பாஸ்பேட் உள்ளதும் ஜி.டி.பி., இரண்டு பாஸ்பேட் உள்ளதும் ஜி.டி.பி. நம் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட முடியாது! ஆகவே முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்று சொல்கிறேன். இந்தப் புரதம் முப்பாஸ்பேட்டைப் பிடித்திருந்தால் 'ஆன்'. இருபாஸ்பேட்டைப் பிடித்திருந்தால் 'ஆஃப்'. அவ்வளவுதான்.

அணைப்பது யார் என்பதுதான் விசேஷம். அந்தப் புரதமே கொஞ்ச நேரத்தில் தன் கையில் உள்ள மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டிவிடும். மூன்று இரண்டாகும், ஸ்விட்ச் தானாக அணையும். போடுவதற்கு வெளியிலிருந்து ஹார்மோன் போன்ற ஒரு தூது வர வேண்டும். அணைப்பதற்கு யாரும் வர வேண்டாம்.

நம் வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போடுவது ஒரு வேலையா? நிறுத்துவதுதான் வேலை. போட்டுவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்து, மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடாத வீடு நம் பக்கத்தில் உண்டா? அதற்காகத்தான் தானாக நிறுத்தும் கருவி வைக்கிறோம். ஜி புரதத்துக்குள் அந்தக் கருவி பிறவியிலேயே இருக்கிறது.

காலராக் கிருமி குடலுக்குள் வந்தால் செல்லைக் குத்திக் கிழிப்பதில்லை. குடல் சுவர் புண்ணாவதுகூட இல்லை. ஒரு நஞ்சை விடுகிறது. நஞ்சின் ஒரு துண்டு செல்லுக்குள் போய் இந்த ஜி புரதத்தைத் தேடிப் பிடிக்கிறது. அந்தப் புரதத்தில் 201ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. பாஸ்பேட்டை வெட்டும் வேலைக்கு அது தேவை. நஞ்சு அதன் மேல் ஒரு வேதிக் கட்டியை ஒட்டிவிடுகிறது. இனி வெட்ட முடியாது. ஸ்விட்ச் 'ஆன்' நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது.

கவனியுங்கள், நஞ்சு மோட்டாரைப் போடவில்லை. நிறுத்தும் கருவியைப் பிடுங்கிவிட்டது.

பிறகு நடப்பது எல்லாம் கரும்பலகையில் நான் வரைந்த அம்புக்குறிகள்தான். நொதி ஓயாமல் வேலை செய்யும், சைக்ளிக் ஏ.எம்.பி. குவியும், குளோரைடு வெளியேறும் கதவு திறந்தே கிடக்கும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், பின்னாலேயே சோடியம், அதன் பின்னால் தண்ணீர். சாதாரண நாளிலேயே நாம் குடிப்பதும் உடல் சுரப்பதுமாக எட்டு ஒன்பது லிட்டர் திரவம் குடல் வழியாகப் போகிறது. குடல் அதை ஏறக்குறைய முழுவதும் திரும்ப உறிஞ்சிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கடுமையான காலராவில் பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். காலையில் வயலுக்குப் போனவரை மாலையில் தூக்கிப் போனார்கள் என்று பழையவர்கள் சொன்ன கதைகளின் கணக்கு இதுதான்.

இப்போது எதிர் வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். பவுடர் ஏன் நிறுத்தவில்லை?

ஏனென்றால் அந்தப் பூட்டைத் திறப்பது அதன் வேலை இல்லை. ஒட்டிய கட்டியை எடுக்க நம்மிடம் மருந்தும் இல்லை. அந்தச் செல் இருக்கும் வரை மோட்டார் ஓடும். ஆனால் குடலின் உள்தோல் செல்களுக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள்தான். பழையது உதிர்ந்து புதியது முளைத்துக்கொண்டே இருக்கும். பூட்டிய ஸ்விட்சோடு கூடிய செல்களும் அப்படியே உதிர்ந்து போகும். நோய் அதன் நாளில் தானாக முடிகிறது. அந்த மூன்று நாலு நாள் ஆள் வற்றிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வைத்தியமும்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? குளோரைடு போகும் கதவு திறந்து கிடந்தாலும், குடலில் இன்னொரு கதவு இருக்கிறது. அது குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக வந்தால் மட்டும் உள்ளே விடும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம். அவை உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். காலரா நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை! உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் கதவு திறக்காது. வெறும் தண்ணீரும் போதாது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் ரகசியம் இது.

எனவே பேதி போய்க்கொண்டேயிருக்கும், ஆள் தெம்பாக இருப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இது புரியாதவருக்குப் பவுடர் தோற்றுவிட்டதாகத் தெரியும். அந்த மாமியார் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார், பொய் சொல்லவில்லை. ஊற்றினால் போவது உண்மை. ஆனால் ஊற்றாவிட்டாலும் போகும். அப்போது போவது குழந்தையின் உடம்புத் தண்ணீர்.

அந்தப் பையனுக்கு வந்தது காலரா என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது. குழந்தைகளின் பேதிக்கு ரோட்டா வைரஸ் முதல் எத்தனையோ காரணம். சில வகை ஈ.கோலை கிருமிகள் காலரா நஞ்சின் உடன்பிறப்பு போன்ற ஒன்றை விட்டு, இதே ஸ்விட்சைத்தான் பூட்டுகின்றன. எதுவானாலும் உப்பு-சர்க்கரைக் கதவு பெரும்பாலும் வேலை செய்யும். காலராவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதில்தான் மனிதர்கள் இந்த விஷயத்தைக் கடைசித் திருகாணி வரை கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

கழற்றத் தொடங்கியவர் நம் நாட்டுக்காரர் என்பதையும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

கொல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற நோயியல் மருத்துவர். காலராக் கிருமி நஞ்சைச் சுரக்கிறது என்று ராபர்ட் கோக் 1884லேயே ஊகித்தார். எழுபது வருடமாக யாராலும் காட்ட முடியவில்லை. எல்லாரும் கிருமியை ரத்தத்தில், வயிற்றறையில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டே முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் செலுத்திப் பார்த்தார். நோய் குடலில், அப்படியானால் குடலில்தானே பார்க்க வேண்டும்! கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு வெறும் திரவத்தை மட்டும் செலுத்தினார். கிருமியே இல்லாமல் அந்தத் துண்டு தண்ணீரால் உப்பியது. 1959ல் நேச்சர் இதழில் சின்னக் கட்டுரையாக வந்தது. நூல், ஊசி, முயல். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை.

பிறகு என்ன நடந்தது? உலகம் அந்த நஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டது. செல்லுக்குள் ஸ்விட்ச் எங்கே என்று தேடியவர்களுக்கு அது ஒரு டார்ச் லைட். 1977ல் ஜெருசலேமில் காஸல், செலிங்கர் என்ற இருவர் நஞ்சு பாஸ்பேட் வெட்டுவதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். நஞ்சு எந்தப் புரதத்தில் போய் அடையாளம் ஒட்டுகிறதோ அதுதான் தேடிய புரதம் என்பது அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கில்மன் குழுவுக்கு உதவியது. ஜி புரதக் கண்டுபிடிப்புக்காக 1994ல் கில்மனுக்கும் மார்ட்டின் ராட்பெல்லுக்கும் நோபல். அவர்கள் தகுதியானவர்கள்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் டே 1985லேயே இறந்துவிட்டார். நோபல் நிறுவனம் 1978ல் காலரா பற்றிய கருத்தரங்குக்கு அவரை அழைத்துப் பேச வைத்தது. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார். நம் நாட்டில்? உயிரோடு இருந்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒரு கௌரவமும் இல்லை. இறந்து ஐந்து வருடம் கழித்து, 1990ல், பெங்களூரின் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் போட்டது. நம் பாடப் புத்தகத்துப் பிள்ளைகளுக்கு வாட்சன், கிரிக் பெயர் தெரிகிறது. டே பெயர் தெரியாது. என் பிள்ளைகளுக்கும் தெரியாது, நான்தான் சொல்லவில்லையே.

இன்னொரு வங்காளி, திலீப் மஹலனாபிஸ். 1971 போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துவிட்டது. உப்பு, குளுக்கோஸ், சோடாவைப் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளியின் கூட இருப்பவர்களிடமே கொடுத்து ஊற்றச் சொன்னார். பத்துக்கு மூன்று பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் நூற்றுக்கு நாலு பேருக்கும் கீழே வந்தது. டாக்டர் இல்லாமல், நர்ஸ் இல்லாமல், அம்மாவும் அக்காவும் செய்த வைத்தியம். அவருக்குப் பத்ம விபூஷண் 2023ல் வந்தது, இறந்து சில மாதம் கழித்து.

நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. அதுவரை உலகில் கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாம் ஓ1 என்ற ஒரே வகை. 1992 கடைசியில் நம் மெட்ராஸில்தான் புது வகை தலைகாட்டியது. ஓ139 என்று எண் கொடுத்தார்கள். மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று வங்கக் கடலோரமாகப் போனதால் 'பெங்கால்' என்று பெயரும் வைத்தார்கள் (பிறந்தது மெட்ராஸ், பெயர் பெங்கால்). மேல்சட்டை புதிது என்பதால் பழைய காலராவால் வந்த எதிர்ப்புச் சக்தி உதவவில்லை. பெரியவர்களே நிறைய விழுந்தார்கள். ஆனால் சட்டைதான் மாறியது. உள்ளே இருந்த நஞ்சு அதே நஞ்சு, பூட்டியது அதே ஸ்விட்ச். அதனால் அதே பொட்டலம் அங்கேயும் வேலை செய்தது. கிருமியின் பெயரை மனப்பாடம் செய்தவனுக்கு அது புது நோய், ஸ்விட்சைப் புரிந்துகொண்டவனுக்குப் பழைய நோய்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள்.

ஸ்விட்ச் பூட்டிக்கொண்டாலும் பேதியின் அளவைக் குறைக்க வழி உண்டா என்று வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் பார்த்தார்கள். 2000த்தில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 48 காலரா நோயாளிகள். சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்கே உள்ள கிருமிகளால் புளித்து, அதில் உண்டாகும் அமிலங்கள் பெருங்குடலை அதிகம் உறிஞ்ச வைக்கின்றன. மலம் போன அளவு குறைந்தது. கேட்ட இடத்தைச் சரிசெய்ய முடியவில்லை, கெடாத இன்னொரு இடத்தைக் கூடுதலாக வேலை வாங்கினார்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் காலராவில் நல்ல பலன் தருவதாக வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பாட்டிகளில் இரண்டு கட்சி. கஞ்சித் தண்ணி குடு என்ற பாட்டி சரி. வயிற்றைக் காயப் போடு என்ற பாட்டி தப்பு. 'பாட்டி வைத்தியம்' என்று மொத்தமாகக் கும்பிடுகிறவர்களிடமும் மொத்தமாகச் சிரிக்கிறவர்களிடமும் எனக்கு இதே பதில்தான்.

இந்தக் குடும்பத்தின் மற்ற பங்காளிகளைப் பற்றியும் கொஞ்சம். எல்லாருக்கும் அதே முப்பாஸ்பேட்-இருபாஸ்பேட் பழக்கம்தான், வேலை மட்டும் வேறு. ராப் என்ற கிளை செல்லுக்குள் பார்சல் போக்குவரத்தைப் பார்க்கிறது. ரோ கிளை செல்லின் உருவத்தை. ரான், உட்கருவின் வாசலில் காவல். ஆர்ஃப் என்ற கிளை இன்னும் வேடிக்கை. காலரா நஞ்சு பெரியவரைப் பூட்டுவதற்கு செல்லுக்குள் ஒரு கூட்டாளி தேவைப்படுகிறது, அந்தக் கூட்டாளி இந்த ஆர்ஃப்தான். அதைக் கண்டுபிடித்ததே அந்த வழியாகத்தான். வீட்டுப் பங்காளியைக் கையில் போட்டுக்கொண்டு திருடன் உள்ளே வருகிறான். கக்குவான் இருமல் கிருமி இன்னொரு ஜி புரதத்தை 'ஆஃப்' நிலையிலேயே பூட்டும். தொண்டை அடைப்பான் கிருமி, ரைபோசோமில் புரதம் செய்யும்போது உதவும் பங்காளியை முடக்கும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் நோபல் வாங்கிய ரைபோசோமே இந்தப் பங்காளிகளின் கை படாமல் ஓர் அடி நகராது.

ராஸ் என்ற கிளையைச் சொல்லாமல் விட முடியாது. அது செல்லைப் பெருகச் சொல்லும் ஸ்விட்ச். அதில் 12ஆம் இடத்து கிளைசின் மாறினால் அணையாது. கிருமி வேண்டாம், நஞ்சு வேண்டாம், மரபணுவில் ஒரே எழுத்துப் பிழை போதும். 1982ல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இதைக் கண்டார்கள். கணையப் புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் இந்த ராஸ் கோளாறு உண்டு. அந்தப் புரதத்தையே பிடிக்கும் முதல் மருந்து 2021ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காலரா நஞ்சு ஒட்டும் அதே 201ஆம் ஆர்ஜினின் பிறழ்ந்தால், பிட்யூட்டரியில் கட்டி வந்து கை கால் முகம் எல்லாம் பெருக்கும் நோய் வருகிறது. பேதியும் கட்டியும் ஒரே திருகாணியில்! இதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் கண் விரியாதா?

"பிள்ளைகளுக்கு எதற்கு டீச்சர் இவ்வளவு? பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடு என்று ஒரு வரி போதாதா?" இதைச் சக ஆசிரியர் ஒருவரே என்னிடம் கேட்டார். போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த ஒரு வரி எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கிக் கலக்கினாள். இரண்டாம் நாள் அந்த ஒரு வரி அவளைக் கைவிட்டது. 'கொடு' என்று மட்டும் தெரிந்தவர், நிற்கவில்லை என்றதும் அடுத்ததைத் தேடுவார். நிறுத்தும் மாத்திரை கேட்பார், அது சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாதது. ஆண்டிபயாட்டிக் கேட்பார். "ஒரு டிரிப்ஸ் போட்டுடுங்க சார்" என்பார். 'ஏன் நிற்காது' என்று தெரிந்தவர் மட்டும்தான் மூன்றாம் நாளும் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏன் என்று தெரியாததால் ஏமாந்த கதை இன்னொன்றும் இருக்கிறது. கடைகளில் இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் விற்றன. ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வருடம் போராடி, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அவர் போராட்டத்துக்கு வணக்கம். ஆனால் உத்தரவு அட்டைப் பெட்டியின் மேல் உள்ள பெயரை மாற்றும், "மாம்பழ டேஸ்ட்டுல இருக்கு, புள்ள குடிக்குது" என்ற நினைப்பை மாற்றாது. அந்தக் கதவுக்குச் சர்க்கரை கொஞ்சம்தான் வேண்டும். சரியான பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். சர்க்கரை பல மடங்கு ஏறினால் உள்ளே போக முடியாத மிச்சம் குடலிலேயே நின்று, உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். ஊறுகாயில் உப்பு எலுமிச்சையின் தண்ணீரை இழுப்பது போல. பேதி கூடும். இந்த அளவுகளே 2002ல் உலக சுகாதார நிறுவனம் பழைய கரைசலை நீர்க்கச் செய்து கொண்டுவந்தவை. நீர்த்ததால் பேதியும் வாந்தியும் இன்னும் குறைந்தன.

அதனால்தான் பொட்டலத்தை டம்ளரில் பாதி பாதியாகக் கலக்காதீர்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதும் ஒரு லிட்டரில். 200 மில்லி என்று போட்ட சின்னப் பொட்டலமும் உண்டு, படித்துப் பாருங்கள். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டுமே தலை தட்டி. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி மெதுவாக. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை 14 நாள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் குழிந்தால், மூத்திரம் நின்றால், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்போது டிரிப்ஸ்தான் சரி.

அன்று காலை அந்தப் பெண்ணை என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, மோட்டார் கதையைத்தான் சொன்னேன். ஜி புரதம் என்ற பெயரைச் சொன்னதும், "இது படிச்சிருக்கேன் டீச்சர், படம் போட்டு அஞ்சு மார்க் வாங்கியிருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாமியாரும் எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப ஊத்துறது தப்பில்லன்னு சொல்றீங்க. நாலு நாள்ல தானா வுட்டுடும்." அதேதான் அம்மா என்றேன். அவர் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டதை நான் முப்பது வருடம் வகுப்பில் சொல்லவில்லை.

பையனுக்கு நாலாம் நாள் கட்டியது.

என் பழைய மாணவர்களில் பதினோரு பேர் இப்போது ஆசிரியர்கள், எனக்குத் தெரிந்த வரை. உயிரியல் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஹார்மோன் பாடத்தில் அந்தப் படத்தை வரையும்போது மேஜை மேல் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு லிட்டர் பாட்டிலும் வையுங்கள். கடைசி அம்புக்குறியை குடலுக்குள் கொண்டுபோய் முடியுங்கள். பக்கத்தில் சம்பு நாத் டே, 1959 என்று எழுதுங்கள். பரீட்சையில் வராது. ஒரு பீரியட் கூடுதலாகும், தலைமையாசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பொட்டலத்தைப் பிள்ளைகள் கையாலேயே கலக்க வைத்து, ஆளுக்கு ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். கண்ணீர் அளவு உப்பாக இருக்க வேண்டும், அதற்கு மேல் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கச் சொல்லுங்கள்.